ஒல்லாந்து உசனார் வாசித்த கடிதம்

ஒல்லாந்து பாஷை, அதாவது டச்சு, உலகத்தில் எங்கெங்கே புழங்குகிறது என்று உசனாரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே விரல் மடக்குவார். ஒல்லாந்து தேசம், ஜாவா, தென்னாபிரிக்கா, அமெரிக்காப் பக்கம் சுறினாம். ஐந்தாவது விரலுக்குச் சொந்த ஊர் காத்தான்குடி. துருக்கியும் தெரியும் என்பார். அது ஸ்தம்பூலிலும் சைப்பிரசிலும் பல்கேரியாவின் சில மலைக்கிராமங்களிலும் பேசுவதாம். தெரியும் என்பதற்கு அத்தாட்சி, தலையில் இருந்த சிவப்புத் துருக்கித் தொப்பி ஒன்றுதான்.

“காத்தான்குடியில ஆரு காக்கா ஒல்லாந்து பேசுற?” என்று தேத்தண்ணிக் கடை அப்துல் கபூர் சீண்டுவார்; காக்கா என்றால் அவ்வூரில் அண்ணன்.

“நீதான். கந்தோருக்குப் போறன் எண்டாலும் ஒல்லாந்து, போஞ்சி வாங்கினாலும் ஒல்லாந்து. மறுகா வயித்தப் புடிச்சிக்கிட்டு கக்கூசுக்கு ஓடுறாய் பாரு, அதுவும் ஒல்லாந்து.”

ஆபீசைக் கந்தோர் என்பதும் பீன்சைப் போஞ்சி என்பதும் கக்கூசும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள்தான்; கடை குலுங்கிச் சிரிக்கும். உசனாருக்கு ஒரு தேத்தண்ணி இனாம்.

மாட்டுக் கரத்தை ஓட்டிப் பிழைத்த உசனாருக்கு இந்தப் பாஷை வந்தது இளவயதில். வெள்ளைக்காரனை வெள்ளைக்காரனே பிடித்து அடைத்த புதினம் தியத்தலாவையில் நடந்தது. தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் கைதிகள், ஒல்லாந்தில் கிளைத்த பாஷை பேசுகிறவர்கள். முகாமுக்குச் சாமான் ஏற்றப்போன உசனார் நாற்பது சொல்லோடு திரும்பினார். பாண், தண்ணீர், காலை வணக்கம். காய்ச்சலில் செத்த கைதிகளின் பெட்டிகளையும் அவர் கரத்தைதான் சுமந்தது. ஆகவே ‘டோட்’ என்றால் செத்தவன் என்றும் தெரியும். வாசிக்க மட்டும் ஓர் எழுத்துத் தெரியாது. அதுதான் ஊருக்குத் தெரியாது.

1931ஆம் வருஷம், மாரி தொடங்கிய கிழமை, கைறுன்னிஸா முக்காட்டை இழுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். அவளுடைய புருஷன் அஹமட், ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாவுக்குக் கைத்தறிச் சாரம் விற்கப் போய் மூன்று வருஷம். ஒரு சொல் இல்லை. இப்போது ஒரு கடிதம், அடியில் நீல முத்திரை.

“காக்கா, ஒல்லாந்தில இரிக்கி. என்ன எழுதியிரிக்கி?”

உசனார் கடிதத்தைப் பிடித்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். பின்னால் கபூர் செருமினார். “வாசிங்க ஒல்லாந்தரே. இல்லாட்டி அந்தத் தேத்தண்ணியெல்லாம் கக்குங்க.”

“சுகமா இரிக்காராம்,” என்றார் உசனார். “வியாவாரம் வாசியாம், நல்ல லாபமாம். வாற மாரிக்கு மறுகா கப்பலேறுவாராம்.”

அவள் முகத்தைப் பார்த்தவர், ‘இத்தனை சந்தோஷத்துக்கு ஒரு பொய் என்ன பெரிய செலவு?’ என்று நினைத்தார்.

ஓட்டமாவடியில் நெல் வியாபாரி சாலிஹ், மனைவியை இழந்தவர், அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அவள் கூடப்பிறந்த நானா, காணாமல் போனவனிடமிருந்து மணவிடுதலை வாங்கவும் ஒழுங்கு செய்திருந்தார். “உசிரோட இரிக்கிற புருசன உட்டுப்போட்டு நான் எங்க போற?” என்று கைறுன்னிஸா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அஹமட் வரும்போது சிவந்திருக்க வேண்டும் என்று கைக்கு மருதோன்றி வைத்தாள்.

ஒவ்வொரு மாரிக்கும் அவள் அதே கடிதத்தைக் கொண்டுவருவாள், அதே உசனார் வாசிப்பார். இடையில் தடுமாறினால் அவளே எடுத்துக்கொடுப்பாள். “வியாவாரம் வாசி, காக்கா. அத உட்டுட்டீங்க.” ஒவ்வொரு மாரிக்கும் வாசிக்கத் தெரியாது என்ற உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் உசனார் வீட்டிலிருந்து புறப்படுவார். கடிதத்தை விரித்ததும் பழைய பொய்தான் வாயில் வரும்.

1942இல் ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்துவிட்டான். தப்பி வந்த ஒல்லாந்துச் சிப்பாய்கள் சிலர் ஒரு லொறியில் இந்தப் பக்கம் வந்து, இளநீர் குடிக்கக் கபூர் கடையில் இறங்கினார்கள். கபூருக்குப் பெருநாள்! உசனாரைத் தள்ளிக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினார். ஊர் கூடிவிட்டது.

பின்னேரம் நாலு மணிக்கு உசனார் காலை வணக்கம் சொன்னார். ஒரு சிப்பாய் துள்ளியெழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். உசனார் ‘பாண்’ என்றார், ‘தண்ணீர்’ என்றார். அவன் கண் கலங்கச் சிரித்தான். அறுபது வயதில் உசனார் ஜெயித்துவிட்டார்! கபூர்கூடக் கைதட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கைறுன்னிஸா வந்து கடிதத்தைச் சிப்பாயிடம் நீட்டினாள். “இப்ப அவரு எங்க எண்டு கேளுங்க காக்கா.”

உசனார் கேட்கவில்லை. சிப்பாய் வாசித்தான். சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்தான். பிறகு பாஷை தெரிந்தவர் என்று உசனாரைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: “டோட்.” கடிதத்தின் மேலிருந்த தேதியில் விரலை வைத்தான். 1931.

“என்னவாம்?”

அத்தனை பேரிலும் அந்தச் சொல் விளங்கியது உசனார் ஒருவருக்குத்தான். வாழ்க்கையில் முதன்முதலாக அவர் ஒல்லாந்தை நேர்மையாக மொழிபெயர்த்தார்.

“மவுத்தாம், புள்ள. கடிதம் வரக்குள்ளயே மவுத்து.”

அவள் அழவில்லை. நேரே பள்ளிவாசல் லெப்பையிடம் போனாள். புருஷன் மவுத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு, அலங்காரம் எதுவும் இல்லாமல், இத்தா இருக்க வேண்டும். எப்போது தொடங்குவது என்று கேட்டாள்.

“இத்தா மவுத்தான நாளிலிருந்து கணக்கு,” என்றார் லெப்பை. “உனக்குத் தெரியாமலே அது முடிஞ்சி பதினொரு வருசமாகுது. இனி இரிக்கத் தேவல்ல.”

“அந்த நாளையில நான் கைக்கு மருதோன்றி வெச்சிக்கிட்டு இருந்தன், லெப்ப.”

லெப்பை தன் மார்க்கக் கிதாபை மூடினார்.

மறுநாள் உசனாருக்கு ஆள் வந்தது. அவள் தென்னோலைக் கிடுகு வேலிக்கு உள்ளே, இத்தாவில். அவர் வெளியே, வெயிலில். வேலி இடுக்கால் கடிதம் வந்தது.

“வாசிங்க.”

“புள்ள, எனக்கு வாசிக்கத்...”

“தெரியும். வாசிங்க.”

“மவுத்தாகிட்டார்,” என்றார்.

“நாளைக்கும் வாங்க. நாலு மாசம் பத்து நாள்.”

உசனார் போனார். போகாத நாளில் கபூரே இழுத்துக்கொண்டு போய் விட்டார். இனாம் தேத்தண்ணி நின்று வெகுநாள். வேலிக்கு வெளியே சிறுசுகள் “டோட்! டோட்!” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடின. தொப்பியை அவர் கையில் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் அவருக்குக் காய்ச்சல். கடிதத்தை விரித்ததும் நாக்கு பழைய தடத்தில் ஓடிவிட்டது. “சுகமா இரிக்காராம்...” சட்டென்று வாயைப் பொத்தினார்.

வேலிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“ஏன் நிப்பாட்டுறீங்க? முழுசா வாசிங்க காக்கா.”

வாசித்தார். வாற மாரிக்கு மறுகா கப்பலேறுவாராம் என்பதுவரைக்கும் வாசித்தார்.

“வியாவாரம் வாசி,” என்றாள் அவள். “அத உட்டுட்டீங்க.”