எஸ்தர் கேட்ட வரிசை எண்

எஸ்தர் இறந்துவிட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான்கு நாள் காய்ச்சல். முப்பத்தெட்டு வயது. இரங்கல்களுக்கு நடுவே ஒருவர், "அந்தக் கட்டிங் தப்பு பண்ணுன அக்காவுங்களா?" என்று கேட்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியவன் நான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த சிறிய அலுவலகம் எங்களுடையது. மென்பொருள் எழுதுபவர்களுக்கு நான் தலைமை, எனக்கு அடுத்த மேசை எஸ்தர். ஓர் ஆர்டரின் அளவுப் பட்டியல் துணி வெட்டுவதற்குள் நாலைந்து முறை மாறும். ஆபீஸிலும் திருத்துவார்கள், கட்டிங் மேசையிலும் திருத்துவார்கள். எது கடைசி என்று மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கும்? சேமித்த நேரத்தைப் பார்த்தால் போதும் என்றேன் நான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, பழைய எண்ணோடு சேமிக்க வருபவரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்றார் எஸ்தர்.

"கடிகாரத்த யாரு வேணும்னாலும் மாத்தி வச்சிரலாம்லா சார். எண்ண அப்படி மாத்த முடியாதுல்லா." நெல்லைப் பேச்சு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

"அதெல்லாம் வேண்டாமுங்க எஸ்தர். கட்டிங் மாஸ்டருங்க எப்ப வந்ததுன்னுதான் கேப்பாங்க, எத்தனாவதுன்னு கேக்க மாட்டாங்க" என்றேன். நான் சொன்னபடியே எழுதினார்.

ஷிஃப்டுக்கு ஆட்கள் பிந்தக் கூடாதென்று ஒரு கம்பெனியில் சுவர்க் கடிகாரங்களைக் கால் மணி நேரம் முன்னால் வைத்திருந்தார்கள். கட்டிங் மேசைக் கம்ப்யூட்டரையும் யாரோ அதற்கேற்ப மாற்றிவிட்டார். ஒருநாள் பத்து மணிக்கு அங்கே பழைய பட்டியலில் சின்னக் குறிப்பு ஒன்றைச் சேர்த்துச் சேமித்தார்கள். பத்தேகால் என்று பதிவானது. பத்து ஐந்துக்கு ஆபீஸ் புதிய மார்பளவைப் போட்டது. மென்பொருள் பத்தேகாலைத்தான் நம்பியது. குழந்தைகளின் சட்டைகள் முழுவதும் ஓர் அங்குலம் குறைவாக வெட்டப்பட்டன. வெட்டிய துணியை ஒன்றும் செய்ய முடியாது.

"இத எழுதுனது யாருங்க?" என்று அந்தக் கம்பெனி முதலாளி எங்கள் அலுவலகத்தில் வந்து நின்றார்.

"நான்தான் சார்" என்றார் எஸ்தர். யார் சொல்லி எழுதினார் என்பதைச் சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். நான் என் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் முதலாளி அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார். இரண்டு மாதம் தவணை கேட்டு, வரிசை எண் முறையை எழுதி முடித்துவிட்டுப் போனார். "எண்ணு ஒழுங்கா ஓடுது சார், இனி பயப்படாண்டாம்" என்றார் கடைசி நாளில். இந்தத் தவறைக் கேள்விப்பட்ட வேறு எந்த மென்பொருள் அலுவலகமும் அவரை எடுக்கவில்லை. ஒரு நூல் கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதியதுதான் இன்றும் எல்லாக் கம்பெனிகளிலும் ஓடுகிறது. அதற்காக ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

எஸ்தருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு மின்னஞ்சல் மட்டும். நேரத்தை ஏன் நம்பக் கூடாது என்று, வேலை தொடங்கும் முன்பே அவர் எனக்கு விளக்கி எழுதியது. அவர் அதை யாரிடமும் காட்டவில்லை. இன்று எங்கள் குழுவில் போட்டிருக்கிறேன். அவர் கணவருக்கும் அனுப்பியிருக்கிறேன். அதன் கீழே நான் அன்று அனுப்பிய பதிலையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்: "நேரமே போதுமுங்க. ஏதாவது ஆனா நான் பொறுப்பு."