மாமியாரின் பெயர்

என் மாமியாருக்கு ஒரு வியாதி உண்டு. கம்பளி வியாதி. கலியாணத்துக்கு முந்தி முதன்முதலாக என்னைப் பார்க்க வந்தபோதே எனக்கென்று ஒரு சோடி காலுறை பின்னிக்கொண்டு வந்தார். அது நல்ல வெயில் எறிக்கிற ஜூன் மாதம். அதன் பிறகு தொப்பி, கையுறை, சட்டைக்குள்ளே போடுகிற மெல்லிய கம்பளிச் சட்டை என்று வந்துகொண்டே இருந்தன. நொர்வேயில், குரோருட்டில், எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தால் ஆட்டுப்பட்டிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். என் கணவர் அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிற மனிதர். அவரையும் மாமியார் வாசலில் மறித்து, “உள்ளே கம்பளி போட்டிருக்கிறாயா?” என்று கேட்பார். அவரும் நல்ல பிள்ளையாகச் சட்டைக் கழுத்தை இழுத்துக் காட்டுவார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, கம்பளி எம்மாத்திரம் என்று நான் அவர்களுக்கு முன்னாலேயே சிரித்திருக்கிறேன்.

மாமி நொர்வேக்காரி. மொஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். என் கணவர் சில மாதக் குழந்தையாகக் கொரியாவிலிருந்து தத்துப்பிள்ளையாக வந்தவர். நான் இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நாங்கள் மூவரும் ரயிலில் ஒன்றாகப் போனால் எதிரே இருப்பவர்கள் உறவுமுறை கண்டுபிடிக்க முடியாமல் ஜன்னலைப் பார்ப்பார்கள். மாமியை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அதுதான் இந்த ஊர் முறை. அதைக் கேட்கும்போதெல்லாம் என் அம்மாவுக்குக் காது கூசும். அம்மா தன் மாமியாரின் பெயரை வாழ்நாளில் ஒரு தடவைகூட வாயால் சொன்னவர் அல்ல. அலுவலகத்தில் யாராவது கேட்டாலும் பேப்பரில் எழுதித்தான் காட்டுவார்.

சித்திரை மாதத்தில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கியதும் என் கணவர் முதலில் பார்த்தது காதுகளை. அவருக்குக் காது இரண்டும் கொஞ்சம் விரிந்து முன்னுக்குத் தள்ளி நிற்கும். அவளுக்கும் அப்படியே. தன்னைப் போல ஒரு முகத்தை, ஒரு காதை, அவர் அதற்கு முன் எங்கேயும் நேரில் கண்டதில்லை. அப்போதுதான் கேட்டார். தனக்கென்று எதையுமே கேட்டுப் பழகாத மனிதர். தன்னைப் பெற்றவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அவள் பெயர் மி-யோங். குடும்பப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அந்தப் பெயரை மகளுக்கு வைக்கலாமா என்று கேட்டார். நான் உடனே ஓம் என்றேன்.

பக்கத்து ரொம்மனிலிருந்து இரண்டு சாப்பாட்டுக் கரியருடன் வந்த அம்மா ஓம் என்று சொல்லவில்லை.

“ஆரெண்டே தெரியாத ஒரு பொம்பிளையின்ரை பேரையோ?”

“தெரியாத ஆள் இல்லை அம்மா. இவரின்ரை அம்மா.”

“இவரின்ரை அம்மா மொஸ்ஸிலை எல்லோ இருக்கிறா, கம்பளி பின்னிக்கொண்டு. அவவின்ரை பேரை வையன், ஆர் வேண்டாமெண்டது?”

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு வழக்கம் இருக்கிறது. ஒரு பெயரை வைக்க முந்தி, அந்தப் பெயர்க்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று விசாரிப்பார்கள். ஊரில் என்றால் நாலு வீட்டில் கேட்டால் முடிந்தது. இங்கே அம்மா என்னைக் கைபேசியை எடுக்கச் சொன்னார். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தேடினேன். நடிகை ஒருவர். சட்டம் படித்துப் பெரிய பதவிக்கு வந்த ஒருவர். பழைய பாட்டுக்காரி ஒருவர். கதை எழுதுகிற ஒருவர். நாட்டுக்காகக் கைப்பந்து விளையாடிய ஒருவர். அம்மா ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, சம்பந்தம் பேச வந்த பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இவ நல்ல லட்சணம். ஆனா நடிப்பு வேண்டாம். இந்த லோயர்ப் பிள்ளை பரவாயில்லை. பந்தெறியிற பிள்ளைக்கு நல்ல தோள்மூட்டு.”

அப்பா மூலையில் இருந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “மகம். ம, மி, மு, மெ. எழுத்துப் பொருந்துது” என்றார். மகத்தில் பிறந்தவள் ஜெகத்தை ஆள்வாள் என்று ஒரு சொல்லும் இருக்கிறதால் அம்மாவுக்கு வாய் அடைத்துப் போயிற்று.

அன்று இரவு என் கணவரும் அந்தப் படங்களைப் பார்த்தார். அவருக்கு அவை புதிதல்ல. பதினைந்து பதினாறு வயதில் அந்தப் பெயர் உள்ள பெண்கள் எல்லாரையும் தேடி, வயதை மட்டுக்கட்டி, காதைப் பார்ப்பாராம். யாருடைய காதும் சரிவரவில்லை. பேர்பெற்ற மி-யோங்குகளை உலகமே தேடி எடுக்கலாம். ஒரு பிள்ளையைப் பெற்றதைத் தவிர வேறொன்றுக்கும் பேர் வாங்காத ஒருத்தியை எங்கே போய்த் தேடுவது? எனக்கு அந்த லட்சணமான நடிகை மேலும் லோயர் மேலும் காரணமே இல்லாமல் கோபம் வந்தது.

அம்மா ஒருவாறு இறங்கி வந்தார். இறங்கியதும் வழக்கம்போல முழுப் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். பிறந்து முப்பத்தோராம் நாள் தீட்டுத் துடக்குக் கழித்து, பிள்ளையின் காதில் மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முறையில் அதைச் சொல்வது தகப்பனின் சகோதரி. என் கணவருக்குச் சகோதரம் இல்லை. அப்படியென்றால் அப்பம்மா சொல்ல வேண்டும். அந்த நாளுக்கு முந்தியே ஒரு தரம் அப்பம்மா மொஸ்ஸிலிருந்து ஒரு கம்பளிப் போர்வையோடு வந்தார்.

அம்மா நொர்வேஜிய மொழி பழகியது முதியோர் இல்லத்து வேலையில். அதனால் எந்த நொர்வேக்காரரோடும் அவர் தொண்ணூறு வயதானவரோடு கதைப்பது போலத்தான் கதைப்பார், உரக்கவும் சின்னச் சின்ன வசனமாகவும். கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு மாமியிடம் சடங்கை விளக்கினார். நீதான் அப்பம்மா. நீதான் காதில் பெயர் சொல்ல வேண்டும். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னிடம் இப்படி ஒரு பொறுப்பைத் தருவார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. என்ன பெயர் என்று கேட்டார். என் கணவர் அதை இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

“நல்ல பெயர். மாமியாரின் பெயர்” என்றார் அம்மா.

மாமி கோப்பியைக் கீழே வைத்தார். “என் பெயரா?” அந்தக் கணம் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

“இல்லை, இல்லை. நீ இல்லை. உண்மையான மாமியார். மி-யோங்.”

அம்மா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பெற்றவள் என்று சொல்ல அவருக்கு அந்த மொழியில் சொல் வரவில்லை, கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்துவிட்டார். நான் இடையில் விழுந்து எதையெதையோ சொன்னேன். மாமி போர்வையை ஒரு தரம் மடித்தார், பிறகு விரித்து இன்னொரு தரம் மடித்தார். பிள்ளையின் கழுத்தின் பின்புறம் ஒரு விரலை வைத்துப் பார்த்தார், சூடு போதுமா என்று இந்த ஊரில் அப்படித்தான் பார்ப்பார்கள். ரயிலுக்கு நேரமாகிறது என்றார். ரயிலுக்கு ஒரு நேரமும் ஆகவில்லை.

“நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?” என்று அம்மா கேட்டார். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் கதைப்பதை நிறுத்த மாட்டார்கள், நொர்வேக்காரருக்குக் கோபம் வந்தால் கதைக்கத் தொடங்க மாட்டார்கள். நான் இரண்டு பக்கத்துக்கும் பிறந்த மாதிரி, முதலில் அம்மாவோடு கத்திவிட்டு, பிறகு ஒருவரோடும் கதைக்காமல் இருந்தேன். என் கணவர் பல்கனியில் போய் நின்றார். திரும்பி வந்து, “வேண்டாம், வேறு பெயர் வைப்போம். அவர் மனம் நோக வேண்டாம்” என்றார். அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறார். எனக்கு அழுகை வந்தது. பெயரை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. மாமி காதில் சொல்லாமல் யாரோ ஒருவர் சொல்லி வைக்கவும் மனம் வரவில்லை.

ஒரு கிழமை மாமியிடமிருந்து சத்தமில்லை. அவர் சும்மாவே அனுப்புகிற தொப்பிப் படங்கள்கூட வரவில்லை. பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, பிள்ளையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு நடக்கப் போகலாமா என்று என்னை மட்டும் கேட்டார். ஆல்னா ஆற்றங்கரையால் நடந்தோம். பேர்ச் மரங்கள் அப்போதுதான் துளிர் விட்டிருந்தன. பிள்ளை இரண்டு தொப்பியோடு படுத்திருந்தாள்.

“அந்தப் பெயரை எனக்குத் தந்தது ஒரு பெண்” என்றார் மாமி. “பழைய விமான நிலையத்தில். குழந்தைகளை விமானத்தில் தூக்கிக்கொண்டு வந்தவள். அவனை என் கையில் தந்துவிட்டு, அவன் தாயின் பெயர் இது என்று காதுக்குள் சொன்னாள். சொல்லக்கூடாது போல, அவசரமாகச் சொன்னாள்.”

“வேறு ஒன்றும் சொல்லவில்லையா?”

“அந்தத் தாய் அவளிடம் ஒன்று கேட்டாளாம். அந்த நாடு குளிருமா என்று.”

மாமி நின்று வண்டியின் மூடியைச் சரிசெய்தார். “வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் யாரிடம் போய்ப் பதில் சொல்வது?”

எனக்கு எங்கள் அலுமாரி நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் நான் செய்த பகிடிகளும் நினைவுக்கு வந்தன. அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நாங்கள் அப்படிக் கட்டிப்பிடிக்கிற ஆட்கள் இல்லை.

அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது, தாயும் மகனும் கைப்பந்துப் போட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நொர்வேயும் கொரியாவும். அவன் நொர்வேயின் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். எதிர்ப்பக்கத்தில் ஒருத்திக்கு அந்தப் பெயர். அவள் பந்தை எடுக்கும்போதெல்லாம் அறிவிப்பவர் அந்தப் பெயரைக் கத்தினார். மாமி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். ஏன் என்று அவன் கேட்டான். அப்போது சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை.

“ஏன்?”

“சொன்னால் அவள் கதவைத் தட்டி அவனைக் கேட்பாள் என்று பயம். அசட்டுப் பயம்தான்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “எவளோ ஒருத்தி வென்று சிரிப்பதைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தேன், பார்” என்றார்.

“அம்மா சொன்னது பிழை. அவருக்குச் சொல் தெரியவில்லை.”

“பிழை இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.”

வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் முறையில் அந்த இடத்தில் இருக்க உங்களை விட்டால் ஒருவரும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அது ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. அவரை ரயிலேற்றிவிட்டு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளிருமா என்று கேட்ட கதை அவருக்குத் தெரியாது. மாமி பெயரை மட்டும்தான் கொடுத்திருந்தார். என் கணவர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

முப்பத்தொன்று அன்று வீடு நிறையச் சனம். அம்மா விடியவே வந்து பொங்கி, குத்துவிளக்கு ஏற்றி, தாம்பாளத்தில் அரிசி பரப்பினார். என் கணவர் அரிசியில் விரலால் பெயரை எழுதினார், முதலில் தமிழில், பிறகு எங்கேயோ பார்த்துப் பழகிய கொரிய எழுத்தில். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமி வரவில்லை. அப்பா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு ராகுகாலம் தொடங்கப் போகிறது என்றார். “தகப்பனே சொல்லட்டும்” என்று யாரோ சொன்னார்கள். “பொறுங்கோ. அப்பம்மா வந்துதான் சொல்லோணும்” என்று அம்மா போட்ட சத்தத்தில் அறை அடங்கிற்று.

அழைப்பு மணி அடித்தது. ரயில் பிந்திவிட்டது என்று மாமி மூச்சு வாங்கினார். வெளியே வெயில், அவர் பாரம்பரியக் கம்பளி உடுப்பு உடுத்தி, வெள்ளிப் பதக்கமும் குத்தி, வியர்த்து வந்திருந்தார். அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை, எங்கள் அம்மாமாருக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாமியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, விளக்குக்கு முன்னால் எனக்குப் பக்கத்தில் இருத்தி, தானே குனிந்து அவருடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டார். “அப்பம்மா” என்று எல்லாருக்கும் கேட்க, தமிழிலேயே சொன்னார்.

பிள்ளை என் மடியில் கிடந்தாள். மாமி குனிந்தார். மூன்று தரம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு நிமிர வேண்டும். அவருடைய நரைத்த தலை என் நாடிக்குக் கீழே இருந்ததால் எனக்கு மட்டும்தான் கேட்டது.

“மி-யோங்.” முதல் தரம் பாதிதான் கேட்டது.

“மி-யோங்.”

“மி-யோங்.” மூன்றாவது தெளிவாக இருந்தது, வீட்டுக்குள் இருக்கிற ஒருவரை வெளியே நின்று கூப்பிடுவது போல.

அவர் நிமிரவில்லை. பிள்ளையின் கழுத்தின் பின்புறம் ஒரு விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையிடம் அல்ல, அந்தப் பெயர்க்காரியிடம் தன் மொழியில் மெதுவாகச் சொன்னார்:

“அவனுக்குக் குளிரவில்லை.”