ஜாக்கியில் நசுங்கிய கல்

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் குறைகடத்தித் துணுக்கு ஒன்றை வைத்து நசுக்குவது. காட்மியம் சல்பைடு இயல்பில் மஞ்சள். அழுத்தம் ஏறும்போது உள்ளே அணுக்களின் அடுக்கு சட்டென்று மாறி, கருஞ்சிவப்பாகிவிடும். அதன் வழியே எவ்வளவு ஒளி வருகிறது என்று அளப்பேன். அழுத்தத்தைத் தளர்த்தினால் மஞ்சள் திரும்பிவிடும். அடுக்கு மட்டும் முழுசாகப் பழையபடி ஆகாது.

அழுத்தினால் நிறம் மாறும் என்று எனக்கு முதலில் சொன்னவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. இலங்கையில் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எனக்குப் பத்து வயது. மழை விட்டதும் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போன அம்மாவுக்கு மண்ணுக்குள் பால் நிறத்தில் ஒரு கல் கிடைத்தது. கெவுட. பக்குவமாகச் சுட்டால் நீலக்கல்லாகிற சாதி. அதை உப்பு டின்னுக்குள் புதைத்துவைத்தாள். மழைக்கு மழை சுவர் பிளக்கும் லயத்து வீட்டை விட்டு, சரிவில்லாத இடத்தில் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

சுடக் கொடுக்கிறேன் என்று மாமா வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து அப்படியே கொண்டுவந்தார். சுடுகிறவர்கள் கல்லை மாற்றிவிடுவார்களாம்.

"மண்ணுக்கடியில அமுங்கித்தானே கல்லுக்கு நெறம் வருது? நாமளே அமுக்கிப் பாப்போம்."

கரி அழுந்தி வைரமாகிறது என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். துள்ளிக் குதித்தேன். அம்மா கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். மாமா தான் ஓட்டும் முதலாளி வேனுக்கு அடியில் ஜாக்கியை நிறுத்தி, அதன் தலையில் கல்லையும் மேலே ஓர் இரும்புத் தகட்டையும் வைத்து, கைப்பிடியை என்னிடம் கொடுத்தார்.

"நீயே சுத்து. படிக்கிற புள்ள கை, ராசியான கை."

நாலு சுற்றுத்தான் சுற்றியிருப்பேன். நொறுக்கென்றது. தகட்டில் ஒரு கீறல் இல்லை. கல் இருந்த இடத்தில் வெள்ளைத் தூள் கிடந்தது.

"புள்ள தெரியாம சுத்திருச்சுக்கா," என்றார் மாமா, அம்மா வந்ததும். அம்மா தூளைக் கிள்ளி விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். மாமாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு தேயிலை மிலாறுக் குச்சியை எடுத்து என்னை விளாசினாள். குறுக்கே விழுந்து தடுத்தவர் மாமாதான், மகராசன்!

அந்த வருடமே மாமா சொந்தமாக வேன் வாங்கினார். நாங்கள் அதே லயத்தில் கிடந்தோம். வீட்டின் விதியை நசுக்கியவள் என்ற பெயரோடு நான் வளர்ந்தேன்.

நீலக்கல் சாதி கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. உடைந்தாலும் இரும்பைக் குழியாக்கிவிட்டுத்தான் உடையும். விரலுக்குள் மாவாகத் தேயாது. அன்று நசுங்கியது ஏதோ சுண்ணாம்புக் கல். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"அன்னிக்கே தெரியும். கூடப்பொறந்தவன என்னன்னு புள்ள கேக்குறது?"

மாமாவை எப்போதோ மன்னித்துவிட்டேன். அம்மாவை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும், "இனிமே செய்ய மாட்டேம்மா," என்று கதறினேனே. நான் ஒன்றும் செய்யவில்லை என்று அடிப்பவளுக்கே தெரியும் என்பது, பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்?