திருட்டுக்குக் கெடு கேட்டு வந்தவர்கள்

வக்கீல் தொழிலில் கட்சிக்காரர் சொல்லும் பொய் சீக்கிரம் பழகிவிடும். அவருடைய பயம்தான் பழகுவதில்லை. பர்மாவின் யாங்கோன் நகரில், பபேடான் பகுதியில் ஒரு மசாலாக் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். படியில் செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கி வந்தால் ஏதோ பழைய திருட்டு விவகாரம் என்று அர்த்தம். வருகிறவர்கள் என்னை ‘சயாமா’ என்பார்கள், பர்மிய மொழியில் டீச்சரம்மா மாதிரி மரியாதைச் சொல்.

வந்த வழி

கோ முருகன் (‘கோ’ என்றால் இங்கே அண்ணன்) ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர். வாலிபத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கடை வாசலில் நின்ற சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து முருகன் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. போன வாரம் சென்னையிலிருந்து மச்சான் போனில், "சாதாரணத் திருட்டுக்கு மூணு வருஷம்தான், அப்புறம் கேஸ் எடுக்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார். உடனே படகேறி ஆற்றைக் கடந்து, கையில் மாம்பழத்தோடு அதை என்னிடம் உறுதிசெய்துகொள்ள வந்துவிட்டார்.

"அது இந்தியச் சட்டம். இங்கே அந்த மாதிரிக் கெடு கிடையாது. இன்றைக்குப் புகார் கொடுத்தாலும் வழக்குதான்" என்றேன். உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் பக்கத்திலிருந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

"வரும்போது அந்தத் தெரு வழியா நிமிர்ந்து நடந்து வந்துட்டேன், சயாமா. திரும்பிப் போக வேற வழி இருக்கா?"

சீருடை

ஒரு மத்தியானம் போலீஸ்காரர் ஒருவர் சீருடையோடு வந்து நின்றார். காத்திருந்த இரண்டு பேர் சொல்லாமல் எழுந்து போனார்கள். யாரைத் தேடி வந்தாரோ என்று நானும் எழுந்து நின்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார். தாய்லாந்தில் வேலை பார்த்த அவர் மகன், கூட இருந்தவரின் செல்போனை எடுத்துவிட்டு ஊருக்கு ஓடி வந்திருக்கிறான். திரும்பவும் அங்கே போகவேண்டும் என்கிறான். அந்த ஊரில் எத்தனை வருஷம் கழித்துப் போனால் பிடிக்க மாட்டார்கள்?

"பொதுவாகப் பத்து வருஷம்" என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உங்கள் ஸ்டேஷனிலேயே விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்களே என்று கேட்டேன்.

"அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பயம், சயாமா. உங்ககிட்ட சீருடையோட வந்தா, நான் யாரையோ பிடிக்க வந்தேன்னு ஊர் நினைச்சுக்கும்."

படகு எஞ்சின்

த்வாண்டேயில் பானை வியாபாரம் செய்கிற டோ செல்வியின் (‘டோ’ இங்கே பெரியம்மா மாதிரி மரியாதைச் சொல்) படகு எஞ்சின் பல வருஷத்துக்கு முன் கால்வாய்க் கரையில் திருடு போனது. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரருடைய படகில் அதே எஞ்சினைச் செல்வி பார்த்திருக்கிறார். உடைந்த இடத்தில் புருஷன் தன் கையால் வெல்டிங் வைத்த தழும்பு அப்படியே இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரரும் இவர் பார்த்ததைப் பார்த்துவிட்டார். அன்று முதல் அந்த வீட்டுக்காரரின் வளர்ந்த பையன்கள் இரண்டு பேரும் செல்வியின் வாசலில் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே செல்வியும் கல்யாணமாகாத மகளும் மட்டும்தான். இவர் புகார் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, காலம் கடந்துவிடவில்லை, தைரியமாகக் கொடுக்கலாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க, சயாமா. காலம் முடிஞ்சுபோச்சு, கேஸ் நிக்காதுன்னு அவங்களுக்குக் கேக்கிற மாதிரி போன் ஸ்பீக்கர்ல சொல்லுங்க. நாங்க தூங்கணும்."

அப்படியே சொன்னேன். இத்தனை பேரைப் பார்த்த பிறகு, படியில் யாராவது ஏறி வந்தால் ஒன்றுமே திருடாத நான்தான் முதலில் எழுந்து கதவைத் தாழிடுகிறேன்.