மங்கம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம்

நவ்ரீனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. "கால்ல சக்கரம் கட்டிகினு பொறந்தவ இவ" என்று அவளைப் பெற்றவளே சொல்வாள். தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் நடக்கும் இலவச டயாலிசிஸ் மையத்தில் அவளுக்கு வேலை. மையத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதன் வழியாக நன்கொடை வரவழைக்க வேண்டும். நாற்காலி, மேசை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் அவளைவிட அவள் துப்பட்டாதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். அவளோ கைப்பேசியும் கையுமாக மெஷின்களுக்கு நடுவே, படிக்கட்டில், மொட்டை மாடியில் என்று அலைந்துகொண்டிருப்பாள். யாராவது கொடுத்தார்களா, யாராவது கொடுத்தார்களா என்று திரையை இழுத்து இழுத்துப் பார்ப்பாள்.

இதற்கு முன்னால் மூலக்கொத்தளம் சுடுகாட்டை ஒட்டியிருந்த ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பல வருடம் டிசைனர் வேலை பார்த்தாள். சுடுகாட்டுப் பக்கத்துக் கடைக்கு மஞ்சள் நீராட்டு பேனரா வரும்? கண்ணீர் அஞ்சலிதான். சாவு வீட்டுக்காரர்கள் மூச்சிரைக்க வந்து மங்கலான படம் ஒன்றைக் கொடுப்பார்கள். நவ்ரீன் அதில் இருக்கிற நிறத்தை எடுப்பாள், கறுப்பு வெள்ளையாக்குவாள், வட்டத்துக்குள் முகத்தை வைப்பாள், அடியில் பெயரையும் ஊரையும் போடுவாள். அவர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பேனர் தயாராக இருக்கும். "இன்னா கை இது! செத்தவனே எய்ந்து வந்து பாத்துட்டுப் போவான்" என்று முதலாளி மெச்சுவார்.

அவளைப் பெற்ற அத்தாவுக்குச் சிறுநீரகம் கெட்டபோது இந்த மையத்தில்தான் ஒரு பைசா வாங்காமல் பார்த்தார்கள். ஒரு மழை நாளில் அவர், "இன்னிக்கு வாணாம், அட்த்த தபா பாத்துக்கலாம்" என்று போகாமல் படுத்துவிட்டார். அடுத்த தபா என்று ஒன்று அவருக்கு வரவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் நவ்ரீன் ஃப்ளெக்ஸ் கடை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

அவள் வந்தபோது மையத்தின் பக்கம் இருந்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். திறந்ததும் கட்டடத்தின் படம். அதற்குக் கீழே தாவூது பாயின் உரை. அவர்தான் மையத்தைத் தொடங்கியவர், பழைய இரும்பு வியாபாரி, தங்கமான மனுஷன். ஆனால் பேச ஆரம்பித்தால் அஸர் தொழுகைக்கு ஆரம்பித்து மஃரிப் தொழுகைக்குத்தான் நிறுத்துவார். அதையும் தாண்டி இறங்கினால் பெயர், தகப்பன் பெயர், முகவரி, பான் எண் என்று ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வி. எல்லாம் முடிந்து கடைசியில் ஸ்கேன் பண்ணச் சொல்லி ஒரு கட்டம். கைப்பேசியில் பார்க்கிறவன் தன் கைப்பேசியை வைத்து அதையே எப்படி ஸ்கேன் பண்ணுவான்? பக்கத்து வீட்டில் போய் இன்னொன்று இரவல் வாங்கி வருவானா?

"குடுக்க வர்றவங்கள நாமளே வாசல்ல நிக்க வெச்சு தொரத்துறோம் பாய்" என்றாள் நவ்ரீன்.

"பேரு கேக்காம எப்டிமா? கணக்கு காட்டணும்ல?"

"ரசீது வேணும்ன்றவங்க கிட்ட மட்டும் கேப்போம். வண்ணாரப்பேட்டைல பாதிப் பேரு பேரு தெரியாமதான் குடுக்கணும்னு நெனைக்கிறாங்க. நீங்க குடுக்குறப்ப பேரு சொல்லியா குடுக்குறீங்க?"

தாவூது பாய் தாடியைத் தடவினார். பிறகு, "என் ஸ்பீச்சையும் எட்த்துடு போ" என்றார். அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் சொன்னார்.

நவ்ரீன் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தாள். நாலு வரி தமிழ், ஒரு பொத்தான். தொட்டால் நேரே பணம் அனுப்பும் இடம் திறக்கும். "பேர் வேண்டாம்" என்று ஒரு கட்டமும் வைத்தாள். நன்கொடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவளுக்கு அது போதவில்லை. அவளுக்கு எதுதான் போதும்?

அப்போதுதான் மையத்தின் வேன் படுத்துவிட்டது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருக்கிற நோயாளிகளை ஏற்றி வந்து, முடிந்ததும் வீட்டில் கொண்டுவிடுகிற வண்டி. இன்ஜினையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் கையை விரித்தார். வேன் இல்லாவிட்டால் கன்டெய்னர் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கிற ரோட்டில் பஸ் பிடித்து வர அந்த உடம்புகள் தாங்காது. போக வர ஆட்டோ வைத்தால் கட்டுப்படியாகாது. வராமல் விட்டாலோ உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். நவ்ரீனுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

திருவொற்றியூர் குப்பத்து மங்கம்மா செவ்வாய்க்கிழமை வரவில்லை. மீன் விற்கிறவள், வாய் ஓயாதவள். அவள் வந்தால் மாடிப்படியிலேயே குரல் கேட்கும். அன்று அவள் கட்டில் காலியாகக் கிடந்ததை நவ்ரீன் பார்த்தாள். போன் போட்டாள்.

"வண்டி இல்லாம எப்டிமே வர்றது? என் புள்ள பாஸ்கரு கடலுக்குப் போய்கீறான். வெள்ளிக்கெயம பாக்கலாம் வுடு" என்றாள் மங்கம்மா.

பாக்கலாம் வுடு. இந்த வார்த்தையைக் கேட்டால் நவ்ரீனுக்கு ஆகாது.

நன்கொடைப் பக்கம் எப்படி அமைக்க வேண்டும் என்று இணையத்தில் ஒரு வகுப்பு நடந்தது. அதில் ஒரு அம்மாள் சொன்னார்: கட்டடத்தைக் காட்டாதீர்கள், மெஷினைக் காட்டாதீர்கள், ஒரே ஒரு மனிதரின் முகத்தைக் காட்டுங்கள். நவ்ரீனுக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டது. மங்கம்மாவைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"யக்கா, வண்டிக்காக உன் போட்டோ போட்டு காசு கேக்கட்டுமா?"

"போடுமே. நான் இன்னா சினிமாக்காரியா, போட்டோக்கு துட்டு கேக்க? வண்டி வந்தா சரி."

போன வாரம் எடுத்த படம் கைப்பேசியில் இருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. நவ்ரீன் அந்த நிறத்தை எடுத்தாள். கறுப்பு வெள்ளையாக்கினாள். வட்டத்துக்குள் முகத்தை வைத்தாள். அடியில் "மங்கம்மா, திருவொற்றியூர் குப்பம்" என்று போட்டாள். அதற்கும் கீழே, வேனைப் பற்றிய நாலு வரியும் பொத்தானும். பார்க்கப் பாந்தமாக இருந்தது. தாவூது பாயும் பார்த்தார். பார்த்துவிட்டு என்னவோ சொல்ல வந்தவர், போன் வரவும் எழுந்து போய்விட்டார். வியாழக்கிழமை காலையில் நவ்ரீன் அந்தப் பக்கத்தின் லிங்கை, மேலே படமும் பெயரும் மட்டும் தெரிகிற மாதிரி, ஊரில் இருக்கிற அத்தனை வாட்ஸப் குரூப்புக்கும் தட்டிவிட்டாள்.

தட்டிவிட்டு அலைந்தாள். மதியம் வரை ஒன்றும் இல்லை. சாயங்காலமும் ஒன்றும் இல்லை. "எங்க குரூப்ல கூட வந்துச்சுமா, பாவம்" என்றாள் கீழ்க்கடைக்காரி. எதிர்வீட்டுக்காரரும் பார்த்தேன் என்றார். ஊரே பார்த்திருக்கிறது, ஒருத்தர்கூடப் பக்கத்தைத் திறக்கவில்லை. பொத்தான் வேலை செய்யவில்லையோ என்று அவளே தொட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் திறந்தது. அப்புறம் என்ன கேடு? நெட் மெதுவாக இருக்கிறதா, எழுத்து சின்னதாகத் தெரிகிறதா என்று பொத்தானின் நிறத்தை மாற்றுவதும் இடத்தை மாற்றுவதுமாக அன்றைக்குச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமையும் மங்கம்மா வரவில்லை. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரத்தில் நவ்ரீனின் தெரு வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் விழுந்தது. அதே மங்கம்மா, அதே கறுப்பு வெள்ளை, அதே வட்டம். அதற்கு மேல் யாரோ பூமாலையும் எரிகிற விளக்கும் ஒட்டியிருந்தார்கள். ஆழ்ந்த இரங்கல் என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

சாவுச் செய்தி கேட்டால் சொல்கிற இன்னா லில்லாஹியை நவ்ரீனின் வாய் முணுமுணுத்தது. அது தான் செய்த படம்தான் என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. இரண்டு முறை வராதவள், போன் எடுக்காதவள், வேறென்ன நினைப்பது? மழை நாளில் போர்த்திக்கொண்டு படுத்திருந்த அத்தாதான் கண்முன் வந்தார். ஸ்கூட்டியை எடுத்தாள். திருவொற்றியூர் தேரடியில் நிறுத்தி ஒரு ரோஜா மாலை வாங்கினாள். பூக்காரி மீதிச் சில்லறையை நீட்டியது அவளுக்குத் தெரியவே இல்லை.

குப்பத்துக்குள் நுழைந்தால் மங்கம்மாவின் வீட்டு முன்னால் ஒரே கூட்டம். குட்டி யானை சரக்கு வண்டி ஒன்று நின்றது. நவ்ரீன் மாலையோடு ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில், கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிப்போய், சுவரில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மங்கம்மா.

"வா ராஜாத்தி," என்றாள். "நீயுமா? மால யாருக்குமே?"

நவ்ரீன் மாலையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சிரிப்பதா அழுவதா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். மங்கம்மாவின் தம்பி பொன்ராஜுக்கு எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம். அங்கே அந்தப் படம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில், வட்டத்துக்குள், பெயர் போட்டு ஒரு முகம் வந்தால் வடசென்னையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யார் திறந்து படிப்பார்கள்? அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறான். மூச்சுத் திணறலில் கிடந்தவள் போனுக்குச் சார்ஜ் போட மறந்திருந்தாள். அவ்வளவுதான், அன்றைக்கு அந்தக் குப்பத்தில் ஒரு படகும் கடலுக்கு இறங்கவில்லை. பிணத்துக்குப் போர்த்துகிற பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடும், வீட்டுக்கு வீடு எடுத்த சாவுக் காசோடும் கிளம்பி வந்துவிட்டார்கள்.

"யாரு போட்டானோ அந்தப் போட்டாவ, அவன் கைல கட்டி மொளைக்க" என்று பொன்ராஜ் பல்லைக் கடித்தான்.

"நான்தாண்ணே போட்டேன்" என்றாள் நவ்ரீன்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். நவ்ரீன் வேனைப் பற்றிச் சொன்னாள், பக்கத்தைப் பற்றிச் சொன்னாள், மூலக்கொத்தளத்துக் கடையையும் சொன்னாள். சொல்லும்போதே அவமானம் பிடுங்கித் தின்றது. எத்தனை சாவுக்குச் செய்த கை! உயிரோடு இருக்கிறவளுக்கும் அதையே செய்துவிட்டதே!

"கதயெல்லாம் அப்பால பேசலாம், மொதல்ல அக்காவத் தூக்குங்க" என்று அவளே கத்தினாள். "இன்னிக்கும் வுட்டா நெஜமாவே அஞ்சலி போட்டாதான்."

பிணம் தூக்க வந்தவர்கள் மங்கம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். குட்டி யானையில் ஏற்றி, முன்னால் ஸ்கூட்டியில் நவ்ரீன் ஹாரனை அழுத்திக்கொண்டே போக, லாரிகளை ஒதுக்கிக்கொண்டு மையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நுரையீரலில் நீர் நிரம்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மெஷின் ஓட ஆரம்பித்து, மூச்சு சீரானதும் மங்கம்மாவுக்கு வாய் வந்துவிட்டது.

"டேய் பொன்ராஜு. வண்டி இல்லாம மூச்சு முட்டிகினு கெடந்தனே, அப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கல. செத்தன்னு சொன்னதும் வலையப் போட்டுட்டு ஓடியாறீங்கோ!"

பொன்ராஜ் மடியிலிருந்த துணி முடிச்சை எடுத்துக் கட்டில் மேல் வைத்தான்.

"இந்தக் காச திரும்ப வூட்டுக்கு எட்த்துகினு போகக் கூடாதுக்கா. சாவுக்குன்னு எட்த்தது படி ஏறக் கூடாது."

"அப்ப வண்டிக்குக் குடு. அத்தயும் அந்தப் பொண்ணு போட்ட எடத்துலயே போடு. பேரு கேட்டா வாணாம்னு சொல்லு."

நவ்ரீன் அந்தப் பழைய படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டாள். இந்த முறை அவள் கை நிறத்தைத் தொடவில்லை. மஞ்சள் பூத்த முகம், சிவப்பு ரத்தம் ஓடுகிற குழாய், திட்டுவதற்காகத் திறந்த வாய், எல்லாவற்றையும் அப்படியே புதுப் படமாக எடுத்தாள்.

"கீழ இன்னா எழுதட்டும்க்கா?"

மங்கம்மா யோசிக்கவே இல்லை. அவள் சொன்னதை நவ்ரீன் ஓர் எழுத்தும் மாற்றாமல் தட்டினாள். அன்று சாயங்காலம் அது கிளம்பியது. இரங்கல் போட்டவர்களெல்லாம் திடுக்கிட்டு, என்ன ஏது என்று பக்கத்தைத் திறந்தார்கள். திறந்தவர்கள் சும்மா மூடவில்லை, பணமும் போட்டார்கள். பொன்ராஜ் கொண்டு வந்ததும் சேர்ந்து, புதன்கிழமை வேனுக்கு இன்ஜின் ஏறிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நவ்ரீனும் வேனில் குப்பத்துக்குப் போனாள். அங்கேயும் கைப்பேசியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பேஜாரு புட்ச்ச பொண்ணு, கைய வுடுமே அதுலேர்ந்து, என்னப் புடி" என்று அதட்டினாள் மங்கம்மா. நவ்ரீன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அவளைத் தாங்கி ஏற்றினாள். பைக்குள் கிடந்த கைப்பேசியில் அந்தப் பக்கம் இன்னும் திறந்தபடியே இருந்தது. முழு நிறத்தில் மங்கம்மா. அவளுக்குக் கீழே அவள் சொன்ன வரி:

"செத்தா தூக்க வருவீங்க இல்ல? இப்ப உயிரோட கீறேன், வந்து தூக்குங்க."