கரி பஸ்ஸில் மச்சானைக் கூட்டிக்கொண்டு ஆலங்குடிக்கு

பங்குனி மாதத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துப் பக்கம் போகிறவர்கள், போகிற ஊரில் காப்புக் கட்டு என்றைக்கு என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அம்மன் கோயிலில் காப்புக் கட்டும் இராத்திரி யார் ஊருக்குள் இருக்கிறாரோ, அவர் திருவிழா முடிகிறவரை வெளியூரில் இராத் தங்கக்கூடாது. விருந்தாளியாக இருந்தாலும் சரிதான். இது தெரியாமல் சைக்கிள் கடையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் போய், ஒன்பது நாள் மாட்டிக்கொண்டவன் எழுதுகிறேன்.

போன காரணம் இது. என் அக்கா காத்தாயியின் வீட்டுக்காரர் சுப்பையா மச்சான் மூன்று வருஷமாகச் சென்னப்பட்டணத்தில் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது தேவலை, கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட்டிவர என்னைவிட்டால் ஆள் இல்லை. நம் கையெழுத்துப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியுமே, பஸ் ஏற ஒரு சாக்குக் கிடைத்தால் நான் விடமாட்டேன். அதிலும் யுத்தம் வந்து பெட்ரோல் சுருங்கியபிறகு புதுக்கோட்டை - ஆலங்குடி ரஸ்தாவில் கரி பஸ் ஓடுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பட்டணத்திலிருந்து திருச்சி வரை ரயில் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அதிகம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஒட்ட வெட்டிய தலை, இரண்டு ஆள் நுழையக்கூடிய சட்டை. திருச்சியில் வண்டி மாறி, இரண்டு மணி நேரத்தில் புதுக்கோட்டை. ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி, காப்பி. மீதிச் சில்லறையை அம்மன் காசாகக் கொடுப்பார்கள். சமஸ்தானத்தைத் தாண்டினால் செல்லாது, அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

ஆலங்குடி பன்னிரண்டு மைல். டிக்கெட் நாலணா. பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை; அதற்குள்தான் கரியை எரித்து வாயு எடுக்கிறார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். நான் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்ச நேரம் சுற்றினேன். உள்ளங்கை கொப்பளித்தது, மனசு நிறைந்தது. பத்து மணி பஸ் பதினொன்றரைக்குக் கிளம்பியது.

எரிச்சல் அங்கேதான் ஆரம்பம். பஸ்ஸில் இருந்த எண்ணெய் வியாபாரி ஒருவர் மச்சானை அடையாளம் கண்டுகொண்டு கண்டக்டர் காதில் ஏதோ சொன்னார். கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, அவரு சும்மா இருப்பாருல்ல?"

"அவருக்குக் காது கேக்கும். அவருகிட்டயே கேளுங்க" என்றேன்.

"கேக்குறேன். நீங்க சொல்லுங்க, சும்மா இருப்பாரா?"

பக்கத்து சீட்டுக்காரர் அவர் சாப்பிட்டாரா என்று என்னைக் கேட்டார். முன் சீட்டு அம்மாள் அவர் தூங்குவாரா என்று என்னைக் கேட்டார். மச்சான் எங்கள் நடுவில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது மைலில் ஒரு சின்ன மேடு. பஸ் இருமிவிட்டு நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். "அவர மட்டும் எறக்காதீங்க தம்பி" என்றார் கண்டக்டர். மச்சான் ஏற்கெனவே இறங்கிப் பின்னால் தோள் கொடுத்து நின்றிருந்தார். தள்ளியும் போகவில்லை. கரியைக் கொட்டி, சாம்பலை வாரி, மறுபடி பற்றவைத்து, ஆலங்குடி சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்து அக்கா ஊர் மூன்று மைல் நடை. நானே அந்த பஸ்ஸை வாய்விட்டுத் திட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நுழையும்போது கோயில் வாசலில் மேளம் கொட்டிக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டு முன்னால் ஒரு மாட்டு வண்டி மாடு அவிழ்த்து நின்றது. வண்டி பக்கத்தில் மச்சானுடைய அண்ணன் முத்தையா, எனக்குப் பெரிய மச்சான்.

"ஏன் மாப்ள, மத்தியானமே வரவேண்டிய ஆளு இப்ப வர்றே?"

"பஸ்ஸு நின்னுபோச்சு. வண்டி எதுக்கு?"

வந்த கையோடு தம்பியைத் தெற்கே ஒரு கோயிலுக்குக் கொண்டுபோய், மண்டபத் தூணில் கட்டி ஒரு மண்டலம் போடுவதாக அவர் முடிவு செய்திருந்தார். சங்கிலிகூட வண்டியில் இருந்தது. ஆஸ்பத்திரி குணமாக்கியது பாதி, மீதியை அம்மன்தான் பார்க்க வேண்டுமாம். அக்கா வாசலை மறித்து நின்றிருந்தாள்.

"அதான் காப்புக் கட்டியாச்சே. இனிமே எந்த ஊருல போயி ராத் தங்குவீங்க? வண்டிய ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

"திருவிழா முடிஞ்ச மறுநா வண்டி வரும் ஆத்தா. இவன வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நான் தலநிமிந்து நடக்க முடியாது."

ஆக, எட்டு நாள் தவணை.

அந்த எட்டு நாளும் நான் பட்ட பாடு. கோயில் முன்னால் மூன்று கவை உள்ள கம்பம் நட்டிருப்பார்கள். காலையில் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் அதற்கு ஊற்ற வேண்டும். அக்கா குடத்தை மச்சான் தோளில் ஏற்றிக் கூட்டிப்போனாள். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது, மரியாதைக்கு அல்ல. ஒவ்வொருவராக என்னிடம் வந்து கேட்டார்கள். அவரு கடிப்பாரா, அவருக்கு மனுசங்க தெரியுமா. நான் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன், விளக்கினேன், சண்டை பிடித்தேன், கம்பத்தடியில் ஏறி நின்று கத்தினேன். இடையிடையே, யாராவது நல்லவிதமாகப் பேசினால், கரி பஸ் எப்படி ஓடுகிறது என்று கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். கடை முதலாளி நினைப்பு வந்தால் தனியாகவும் புலம்பினேன். நாலாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

மச்சானுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். மேளச் சத்தம் ஏறினால் அவர் முகம் மாறிவிடும். ஒரு சாயங்காலம் எழுந்து விறுவிறு என்று இருட்டுக்குள் போனார். பெரிய மச்சான் கயிற்றை எடுத்தார்.

"எங்க போறாருன்னு அவரக் கேட்டீங்களா?" என்றாள் அக்கா. "எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போறாரு. கம்மாக்கரையில இருப்பாரு. மேளம் ஓஞ்சதும் வந்துருவாரு."

வந்துவிட்டார். கால் முழுக்கச் சேறு, அவ்வளவுதான்.

ஆறாம் நாள் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் நானும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில். ஊற்றிக்கொண்டு வந்த அம்மாள் திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரி. என் எதிரில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மச்சானைப் பார்த்துக் கேட்டாள்.

"இவருக்குக் கூழு ஊத்தலாமாங்க? குடிப்பாரா?"

மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தார். "குடிப்பாரு. வெங்காயத்தத் தனியா வைங்க, அது ஆகாது."

பின்னால் நின்ற ஊர்த் தலைவர் அம்பலம் அதே சமயத்தில் பெரிய மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா முத்தையா, பட்டணத்துலேருந்து வந்த ஆளக் கொஞ்சம் அடக்கி வையப்பா. நாள் பூரா தொண்டையக் கிழிக்கிறாரு."

"சுப்பையாவா?"

"அட அவன் பாட்டுக்கு அவன் இருக்கான். இந்தா, கையச் சுத்திச் சுத்திப் பேசுறாரே, இந்த மெலிஞ்ச ஆளு."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்குப் பதில் சொல்லவும் தொண்டை இல்லை.

திருவிழா முடிந்து காப்பு அறுத்த மறுநாள் காலை சொன்னபடி வண்டி வந்தது. பெரிய மச்சான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார், ஆனால் யாரையும் ஏறச் சொல்லவில்லை. மச்சான் வெளியே வந்தார்.

"அண்ணே, என்னைக் கேளு."

"என்னத்தடா கேக்க?"

"போறியான்னு கேளு."

பெரிய மச்சான் மாட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கடைசியில் தம்பியைப் பார்த்தார்.

"போறியா?"

"போகல."

 பெரிய மச்சான் வண்டிக்காரரிடம் திரும்பி, "வந்த வண்டி வெறுங்கூடாப் போக வேணாம். இந்த மாப்ளய ஆலங்குடியில கொண்டுபோய் எறக்கிவிடு" என்றார். சங்கிலி இன்னும் வண்டியிலேயே கிடந்தது. என்னை வழியனுப்பக் கூடவே ஏறிய சுப்பையா மச்சான் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

இதேபோல யாரையாவது ஊருக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் வண்டி நிற்காது. சத்தம் அதிகமானால் ஒதுங்கி உட்கார ஓர் இடம் பார்த்து வையுங்கள். லீவைத் தாராளமாகக் கேளுங்கள். அவரைப் பற்றி உங்களிடம் கேட்டால், பதிலை அவரே சொல்லட்டும். நான் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு சொன்னதில் மிஞ்சியது தொண்டைக்கட்டுத்தான். கரி பஸ்ஸைத் திட்டாதீர்கள். அது ஒழுங்காக ஓடியிருந்தால் காப்புக் கட்டுக்கு முன்னால், மத்தியானமே போய்ச் சேர்ந்திருப்போம்; வண்டியும் அன்றைக்கே கிளம்பியிருக்கும்.

ஆலங்குடியில் அதே பஸ், அதே கண்டக்டர். நான் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டுக்குக் கையை நீட்டினேன், பேச்சு வரவில்லை. அவர் என் கையைக் கண்டுகொள்ளாமல் ஜன்னலுக்கு வெளியே நின்ற மச்சானிடம் குனிந்தார்.

"எங்கங்க எறங்கணும் இவரு? தனியாப் போயிருவாரா?"

"புதுக்கோட்டைங்க. தனியாப் போயிருவாரு" என்றார் மச்சான். "அந்தக் கைப்பிடிய ரெண்டு சுத்து சுத்தக் குடுங்க, பேசாம வருவாரு."