கடைசியில் வருபவருக்கு மெத்தை

சித்தப்பாவுக்கு சோபா தைப்பது தொழில். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால், "யாரு, துடைப்ப வண்டிக்காரரா?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் மலைப்பாதையில் வருடா வருடம் ஐந்து நாள் சைக்கிள் பந்தயம் நடக்கும். எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். முடியாமல் நின்றுவிட்டவர்களை அள்ளிக்கொண்டு வருவதால் அதன் முகப்பில் ஒரு துடைப்பம் கட்டியிருக்கும். வேன் சித்தப்பாவுடையது. துடைப்பம் சித்தியுடையது.

"வீட்ல ஒருநாள் அதத் தொட்டதில்ல. அங்க மட்டும் மாலை மாதிரி கட்டிக்கிட்டுத் திரியிறாரு" என்பாள் சித்தி.

இந்தப் பதவி அவருக்குத் தற்செயலாக வந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்குப் புது சோபா ஏற்றிக்கொண்டு மலையேறினாராம். வழியில் பந்தயத்துக்காரர்களின் வண்டி புகை கக்கி நின்றுவிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வீரர் சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார். சித்தப்பா பின்கதவைத் திறந்து, "வாங்க, சோபா சும்மாதான் போகுது" என்றார். வியர்வையும் சேறுமாக அந்த மனிதர் அதில் சரிந்ததும் அவர் முகம் மாறிய விதத்தைச் சித்தப்பா இன்றும் நடித்துக் காட்டுவார். வாங்க மறுத்த வாடிக்கையாளர் திட்டியதெல்லாம் அவருக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த வருடத்திலிருந்து அந்த வேலையே அவருடையதாயிற்று. அதன் பிறகு வேனுக்குள் நடந்தவை மெல்ல மெல்ல நடந்தன. முதலில் பலகைமேல் ஃபோம் வந்தது. பிறகு ரெக்சின் உறை. காலை நீட்ட ஒரு திண்டு, கழுத்துக்கு ஒன்று, தலைக்கு மேலே சின்ன மின்விசிறி. கடையில் எந்த சோபாவையும் அவர் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். வேன் இருக்கையில் அப்படி உட்கார்ந்தவர் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்கே வரவில்லை.

கூடவே அவருடைய குரல். தள்ளாடும் வீரருக்குப் பக்கத்தில் வேனை ஓட்டிப்போய், கண்ணாடியை இறக்கி, "நல்லா ஓட்டினீங்க கண்ணு. இனிமே யாருக்கு நிரூபிக்கணும்? வாங்க, ஃபேன் போட்டு வெச்சிருக்கேன்" என்பார். பெடல்மீதிருந்த கால் தானாக நிற்கும். எங்கள் தெருமுனைப் பல் டாக்டர் ஒவ்வொரு வருடமும் பந்தயத்துக்குப் பணம் கட்டிப் பேர் கொடுப்பார். ஒவ்வொரு வருடமும் இரண்டாவது வளைவில் இறங்கிவிடுவார். சைக்கிள் ஓட்ட வருகிறாரா, வேனில் ஏற வருகிறாரா என்று அவருடைய மனைவிக்கே சந்தேகம்.

ஒரு வருடம் பந்தயத்தை முடித்தவர்களைவிட வேனில் ஏறியவர்கள் அதிகமாகிப்போனார்கள். பந்தயக் குழுச் செயலாளர் கடைக்கே வந்துவிட்டார்.

"என்ன சார் பண்றீங்க? அது ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்கணும். நீங்க தேனிலவு வண்டி மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்க!"

"நின்னுக்கிட்டே பேசுறீங்களே. உக்காருங்க" என்றார் சித்தப்பா.

செயலாளர் உட்கார்ந்தார். அடுத்த வாக்கியத்தில் குரல் பாதியாயிற்று. அதற்கடுத்த வாக்கியம் வரவே இல்லை. போகும்போது வீட்டுக்கு ஒரு சோபா சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் அக்காவால் பிரச்சினை வந்தது. அக்கா என்றால் சித்தப்பாவின் மகள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. போன வருடம் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தாள். கூட வேலை செய்பவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உனக்கென்னம்மா, மெத்தை பின்னாலயே வருது" என்று ஊசி குத்திக்கொள்ள வந்தவர்கள்கூடச் சொன்னார்களாம்.

ஒரு மாலை நேராகக் கடைக்கு வந்தாள்.

"அப்பா, உங்க வண்டியில ஏறினேன்னா அதோட சைக்கிள வித்துடுவேன். அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டேன். சொல்லிட்டேன்."

சித்தப்பா வாயில் சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒரு நாற்காலிக்கு உறை அடித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அது சம்மதமா ஆணியா என்று எனக்கு விளங்கவில்லை.

நான்கு நாள் அவள் கூட்டத்தோடு கூட்டமாக ஓட்டிவிட்டாள். ஐந்தாம் நாள்தான் பெரிய ஏற்றம். அன்று சித்தி, "நானும் வரேன்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்னால் நானும், முதல் நாளிலிருந்தே வேனை விடாத பல் டாக்டரும். பாதி மலையில் எங்களுக்கு முன்னால் மிஞ்சியது ஒரே ஒரு முதுகு. அக்காவின் முதுகு.

சைக்கிள் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைந்தது. வேன் முதல் கியரிலேயே திணறியது. மின்விசிறி மட்டும் வெட்கமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏறிக்கிறாளான்னு கேளுங்களேன்" என்றாள் சித்தி. "பிள்ள காது வரைக்கும் வெளுத்துப்போச்சு."

"நடுவர் சொல்லட்டும்."

மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் தட்டி, கேளுங்கள் என்று சைகை காட்டினார். பந்தயத்தின் சட்டம் அது. கடைசி ஆள் தள்ளாடினால் வண்டிக்காரர் கேட்டே ஆகவேண்டும். ஏறுவதும் ஏறாததும் சைக்கிள் ஓட்டுபவர் இஷ்டம்.

சித்தப்பா வேனை அக்காவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடியை இறக்கினார். வாயைத் திறந்தார், மூடினார். அந்தக் குரலில் ஒரு வார்த்தை வந்தால் போதும், அக்கா இறங்கிவிடுவாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் பெடலிலிருந்து ஒரு காலை எடுக்கத் தயாராக இருந்தாள்.

"ஏறிக்கிறியா?" என்றார். "ஆனா இடமில்ல."

அக்கா திரும்பினாள். "என்னது?"

"டாக்டர் காலை நீட்டிப் படுத்துட்டாரு. உன் தம்பி ஒரு பக்கத்த அடைச்சுக்கிட்டான். உங்கம்மா வேற இருக்கா. ஏறினா நின்னுக்கிட்டுதான் வரணும்."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் சித்தி.

அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பல் டாக்டர் சட்டென்று கால்களைத் தூக்கி நீளமாகப் படுத்துக்கொண்டு, "ஆமாம்மா, இங்க ரொம்ப நெருக்கடி!" என்று கத்தினார். நான் முழங்கைகளை விரித்துக்கொண்டேன்.

"ஊரையே ஏத்தினீங்க! பெத்த பொண்ணுக்கு இடமில்லையா?"

கோபம் அவளைச் சீட்டிலிருந்து எழுப்பிவிட்டது. எழுந்து நின்று மிதித்தாள். முதுகு கொஞ்சம் தள்ளிப் போனது. இன்னும் கொஞ்சம்.

நடுவர் ஜன்னலுக்கு வந்தார். "இப்படியா சார் கேப்பீங்க?"

"கேட்டேனா இல்லையா? எப்படிக் கேக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

அவள் கோட்டைத் தாண்டியபோது நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தார்கள். நேரம் குறிக்கும் கடிகாரக்காரர் மட்டும் எழாமல் இருந்தார், அது போதும். கடைசி ஆள்தான். ஆனால் முடித்த ஆள்.

சித்தப்பா ஓடிப்போய் வேனின் பின்கதவைத் திறந்து வைத்தார். "வாம்மா. இப்ப இடம் இருக்கு."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆள் புரளும் அளவுக்குக் கிடந்தது இருக்கை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். உப்புப் பூத்த முகத்தில் சிரிப்பு வந்ததா என்று சொல்லமுடியாது.

"முடிச்சவங்க இதுல ஏறக்கூடாதுப்பா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றவள், முடித்த வீரர்களைக் கீழே கொண்டுபோகும் பஸ்ஸை நோக்கி நொண்டிக்கொண்டே போனாள்.

சித்தப்பா இருக்கையைத் தட்டிக்கொண்டு நின்றார். "அவ உசரத்துக்குதான் போன வாரம் பிரிச்சு நீட்டி வெச்சேன்."

"அப்புறம் எதுக்கு இடமில்லேன்னீங்க?" என்றாள் சித்தி.

"இருக்குன்னா ஏறியிருப்பாளே."

அக்கா ஏறிய பஸ் கிளம்பியது. நாங்களும் அதன் பின்னாலேயே மலையிறங்கினோம். சாலை அகலமாகியும் சித்தப்பா முந்தவே இல்லை.

"முன்னால போங்களேன். புகை மூஞ்சிலயே அடிக்குது" என்றாள் சித்தி.

"அடிக்கட்டும்" என்றார் சித்தப்பா.